கையெழுத்தைக் காட்டித் தாபரிப்பைப் பறிக்க இடமளியோம்

விவாகரத்து, தாபரிப்பு வழக்குகளைத் தயாரிப்பது தொடர்பான செயற்குழுவின் நிலைப்பாடு

கடந்த பொதுக்கூட்டத்தில் எழுந்த பிணக்கை அங்கத்தவர்கள் அறிவீர்கள். அதை இங்கே மீளச் சொல்லவில்லை. எமது சட்ட உதவிப் பட்டியலில் உள்ள சட்டத்தரணிகள் தயாரிக்கும் இணக்கப் பத்திரங்களில், மனைவி தாபரிப்பைக் கைவிடுகிறார் என்ற வாசகம் இடம்பெறலாமா என்பதே கேள்வி. இயலுமானவரை ஒருமித்து எழுதியுள்ளோம். ஒருமிக்காத இடங்களை மறைக்கவில்லை.

யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைகள் கட்டளைச் சட்டம் 1911இல் வந்தது. அதன் 6ஆம் பிரிவின்படி, தேசவழமைக்குட்பட்ட மணமான பெண் தன் சீதனக் காணியையோ முதுசக் காணியையோ கணவரின் எழுத்துமூலச் சம்மதமின்றி விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. காணி அவருடையது, உறுதியும் அவர் பெயரில். ஆனாலும் நொத்தாரிசு கேட்பது கணவரின் கையெழுத்தை. கணவர் விட்டுப் போய் எத்தனை வருடம் ஆனாலும், வேறொருத்தியோடு குடும்பம் நடத்தினாலும், சட்டப்படி விவாகம் நிலைக்கும்வரை கேட்கத்தான் செய்வார்.

இங்கேதான் பேரம் தொடங்குகிறது. பிள்ளையின் படிப்புக்கோ தாயின் சத்திரசிகிச்சைக்கோ அரைப் பரப்பை விற்க வேண்டிய நிலையில் பெண் நிற்கிறார். நீதவான் நீதிமன்றத்தில் போட்ட தாபரிப்பு வழக்கை மீளப் பெறு, விவாகரத்துக்கு எதிர்ப்புக் காட்டாதே, கையெழுத்து வைக்கிறேன் என்று மறுபக்கத்திலிருந்து சொல் வருகிறது. இதைச் சட்டத்தரணி ஒருவர் அழகான வாசகங்களில் எழுதி, ‘இரு பகுதியினரதும் சுயவிருப்பின்பேரில்’ என்று முடிக்கிறார். எந்தச் சுயவிருப்பு? தாய் தகப்பன் எழுதிக் கொடுத்த காணியை அந்தப் பெண்ணுக்கே விலை பேசி விற்பதை இணக்கம் என்று சொல்ல எமக்கு வாய் வரவில்லை. செயற்குழுவில் சிலர் இவ்வசனத்தைத் தணிக்கக் கோரினர். பெரும்பான்மை அப்படியே விட்டது.

பேரத்துக்குப் பணிய வேண்டிய தேவையும் இல்லை. அதே சட்டத்தின் 8ஆம் பிரிவு வழியொன்றைத் திறந்து வைத்திருக்கிறது. கணவர் கைவிட்டிருந்தால், இருவரும் இணங்கிப் பிரிந்திருந்தால், அவர் இருக்குமிடம் தெரியாவிட்டால், நியாயமின்றிச் சம்மதத்தை மறுத்தால், மனைவியின் அல்லது பிள்ளைகளின் நலன் வேண்டி நின்றால், மாவட்ட நீதிமன்றம் அந்தக் கையெழுத்தின்றியே அனுமதி தரலாம். எம்மிடம் வரும் பெண்களில் பலருக்கு இப்படியொரு மனு இருப்பதே தெரியாது. சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. விவாகரத்துத் தீர்ப்பு முடிவானதும் கணவரின் சம்மதம் தேவையே இல்லாமற் போகும் என்பதையும் சொல்வதில்லை. ஒரு தடவை வைக்கும் கையெழுத்துக்கு, வருடக்கணக்கான தாபரிப்பு விலையாகிறது.

1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் ‘வாழ்க்கைத்துணை’ என்றே பேசுகிறது. விவாகரத்து முடிந்தபின் மனைவி அந்த வகுப்புக்குள் வருவதில்லை. எனவே மாவட்ட நீதிமன்ற வழக்கிலேயே, குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 615ஆம் பிரிவின் கீழ் நிரந்தரப் பராமரிப்பைக் கேட்டிருக்க வேண்டும். மறுமொழியில் அந்த ஒரு பந்தி விடுபட்டதால் வெறுங்கையோடு போன பெண்களை நாம் கண்டிருக்கிறோம். இதைக் கவலையீனம் என்று மட்டும் கடந்துபோக முடியவில்லை. பிள்ளையின் தாபரிப்போ பிள்ளைக்குரியது. அதைத் தாய் எழுதிக் கொடுக்கும் எந்த வாசகத்தையும் எமது பட்டியலில் உள்ளவர்கள் தயாரிக்கக் கூடாது.

விவாகரத்துக்கான காரணங்கள் பற்றி: 1907ஆம் ஆண்டின் பொது விவாகச் சட்டம் சோரம், தீயநோக்குடன் கைவிடுதல், திருமண வேளையிலேயே இருந்த தீராத ஆண்மையின்மை ஆகியவற்றையே ஏற்கிறது. கண்டியச் சட்டப்படி மணந்தவர்கள் 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இருவரும் ஒத்துக்கொண்டு மாவட்டப் பதிவாளரிடமே பிரிய முடியும்போது, இங்குள்ளவர்கள் ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டியே பிரிய வேண்டியிருக்கிறது. அதற்காகக் கதை சோடித்துச் சாட்சி பழக்குவதை நாம் ஏற்கவில்லை. சட்டம் மாற வேண்டும் என்பதில் உடன்பாடு உண்டு. எந்த வடிவில் என்பதில் இன்னும் இல்லை. பிள்ளைகளின் பொறுப்பு, 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் ஆகியவை பற்றிய எமது முன்னைய நிலைப்பாடுகளில் மாற்றமில்லை.

தயாரிப்பில் கவனிக்க வேண்டியது, கணவரின் உழைப்பை நிறுவுவது. மேசனுக்கும் கடற்றொழிலாளிக்கும் சம்பளச் சிட்டை கிடையாது. வெளிநாட்டில் இருப்பவரின் காசு உண்டியலில் வந்தால் வங்கியில் தடயம் இல்லை. பழைய வங்கிப் புத்தகம், காசு அனுப்பியதைப் பேசும் தொலைபேசிச் செய்திகள், அவர் வாங்கிய வாகனத்தின் விபரம், பள்ளி, மருந்துச் செலவுச் சிட்டைகள் எல்லாம் முதற்தவணைக்கு முன்பே கோவையில் இருக்க வேண்டும். நெடுந்தீவுப் பெண் ஒருவர் ஊர்காவற்றுறை நீதிமன்றத்துக்கு வர, விடியவே படகேறிக் குறிகட்டுவானில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். ஆவணம் ஆயத்தமில்லை என்று அவருக்குத் தவணை வாங்குவது எமக்கு வெட்கம். சத்தியக்கடதாசியை வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்குவதும் இன்றோடு நிற்க வேண்டும்.

ஆகவே, சம்மதக் கையெழுத்துக்குப் பதிலாகத் தாபரிப்பைக் கைவிடச் செய்யும் பத்திரத்தைத் தயாரிக்கும் சட்டத்தரணிக்கு எமது அமைப்பு இனி வழக்குகளை அனுப்பாது. பெண்ணே அதை வலியுறுத்தும் விதிவிலக்கான நிலைமைகளில், 8ஆம் பிரிவு மனுவும் 615ஆம் பிரிவும் விளக்கப்பட்டதாக எழுத்தில் பதிவு இருக்க வேண்டும். இவ்விதிவிலக்கை இரு அங்கத்தவர்கள் எதிர்த்தனர். அவர்களது ஆட்சேபம் பதியப்பட்டுள்ளது. 6ஆம் பிரிவு நீக்கப்பட வேண்டும் என்பதில் ஆட்சேபம் எவருக்கும் இல்லை. பெண்களுக்கெதிரான பாரபட்சங்களை ஒழிக்கும் சமவாயத்தை இலங்கை 1981இல் ஏற்ற பிறகும் அப்பிரிவு சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

இத்தகைய பத்திரங்களில் ஏற்கனவே கையெழுத்திட்ட பெண்கள், அதன் பிரதியோடும் வழக்கிலக்கத்தோடும் அலுவலகத்துக்கு வரவும். விவாகரத்து வழக்கு இன்னும் தீர்ப்பாகாதிருந்தால், நிரந்தரப் பராமரிப்பைக் கேட்பதற்கான விண்ணப்பத்தை உடனடியாக ஆராய்வோம்.