முதல் ஸ்கேன் எடுத்தாச்சு, அப்புறம்?

பிளாஷ் போட்டு எடுத்த படத்தில் குழந்தையின் கண்மணி சிவப்பாகத் தெரிவது சகஜம். ஒரு கண் மட்டும் வெள்ளையாக, பூனைக்கண் மாதிரி மின்னினால் உடனே கண் டாக்டரிடம் ஓட வேண்டும். கண்புரையாக இருக்கலாம். ரெட்டினோபிளாஸ்டோமா என்கிற விழித்திரைப் புற்றுநோயாகவும் இருக்கலாம். சுமார் 15 முதல் 20 ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு, பெரும்பாலும் 5 வயதுக்குள் வருகிற நோய் இது.

கண்டுபிடிக்க வசதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-லேயே வந்துவிட்டது. சங்கர நேத்ராலயா 1978-ல் தொடங்கியது. மூடிய இமைமேல் ஜெல் தடவி எடுக்கிற பி-ஸ்கேன் (அல்ட்ராசவுண்ட்தான்!) கட்டிக்குள் இருக்கும் சுண்ணாம்புப் படிவைப் பளிச்சென்று காட்டும். பார்வை நரம்புக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. சி.டி. சீக்கிரம் முடியும், செலவும் குறைவு. ஆனால் இந்த நோய் பரம்பரையாக வந்த குழந்தைக்குக் கதிர்வீச்சு பட்டால், பின்னாளில் வேறு புற்றுநோய் வரும் அபாயம் கூடும். அதனால் கூடுமானவரை அதைத் தவிர்க்கிறார்கள். பெற்றோரும் அவசரப்பட்டு சி.டி. கேட்கக் கூடாது.

சரி, முதல் படம் எடுத்தாயிற்று. சிக்கல் அதற்கப்புறம்தான். கீமோவில் கட்டி சுருங்குகிறதா, ஓரத்தில் புதிதாக ஏதும் முளைத்திருக்கிறதா என்று ஆரம்பத்தில் சில வாரங்களுக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். கைக்குழந்தை அசையாமல் படுக்குமா? மயக்க மருந்து கொடுத்துத்தான் படம் எடுத்து, போன தடவைப் படத்தோடு ஒப்பிடுவார்கள். இடைவெளி கூடிக்கொண்டே போனாலும் இது பல வருட வேலை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் ஒரு அப்பாவை நினைத்துப் பாருங்கள். வெறும் வயிற்றில் அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விடிகாலை மின்சார ரயிலில் சென்ட்ரல் வர வேண்டும், 45 கிலோமீட்டருக்கு மேல். அன்றைய கூலி போச்சு. துணைக்கு வரும் அம்மாவின் கூலியும் போச்சு. ஸ்கேன் இலவசமாகவே கிடைத்தாலும் இந்தச் செலவு எந்த பில்லிலும் வராது. (காஸ்ட் அக்கவுண்டிங் படிப்பவர்கள் கூட இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை!) நாலைந்து தடவை வருவார்கள். பிள்ளை நன்றாக விளையாட ஆரம்பித்ததும் வருவது நிற்கும். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்?

காசநோயாளிக்குச் சத்துணவுக்கென்று 2018 முதல் அரசே வங்கிக் கணக்கில் பணம் போடுகிறது. 2024 நவம்பரிலிருந்து மாதத்துக்கு 1,000 ரூபாய் கணக்கில். அதே மாதிரி இந்தக் குழந்தைகளின் ஒவ்வொரு மறுவருகைக்கும் ரயில் செலவும் ஒரு நாள் கூலியும் போடலாமே. 2022 ஜனவரியில் திறந்த திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.ஆர்.ஐ. எடுத்து, படத்தை மட்டும் சென்னை நிபுணருக்கு அனுப்ப ஏற்பாடு செய்தால் சில பயணங்களாவது மிச்சமாகும். வராத குழந்தையின் வீட்டுக்கு மறுநாளே ஒரு போன் போனாலும் நல்லது.