கணக்கை முழுதாகச் சொல்லிக் கொடுங்கள்!

2021ஆம் ஆண்டு டில்லி அரசு, தன் பள்ளிகளில் 11, 12ஆம் வகுப்பு மாணவர்களுக்குத் தலைக்கு 2,000 ரூபாய் முதல் கொடுத்து, குழுவாகச் சேர்ந்து வியாபாரம் செய்யுங்கள் என்றது.

அவனியாபுரத்துப் பிள்ளைகளும் அப்படி இணையத்தில் கடை நடத்தினால் நாம் வேண்டாமென்போமா? மாட்டோம். கூலிக்காரன் மகள் கணக்குப் படித்தால் நமக்குப் பெருமைதான். ஆனால் எந்தக் கணக்கு?

2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிகையையே விற்கட்டும். விடியுமுன் பூ எடுத்த கைக்குக் கூலி எவ்வளவு? கமிஷன் கடைக்கு எவ்வளவு? இணையக் கம்பெனிக்கு எவ்வளவு? வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிற தொழிலாளிக்கு எவ்வளவு? இதை விட்டு லாபத்தை மட்டும் கரும்பலகையில் எழுதினால் அது பாதிப் பாடம். எல்லோரும் முதலாளி ஆகலாம் என்கிறார்கள். அப்போது பூ எடுப்பது யார்?

1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில், நெசவாளிகள் உள்ளிட்ட 28 பேர் காசு சேர்த்துக் கூட்டுறவுக் கடை திறந்தார்கள். சரக்கு வாங்கியவர்களுக்கே லாபம் பிரிந்தது. பள்ளிக் கடையும் அவ்வாறே நடக்கட்டும்: ஆளுக்கொரு ஓட்டு, வரவு செலவு எல்லோர் கண்ணெதிரே.

தோழர்களே! பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோருக்கு இடமுண்டு. அடுத்த கூட்டத்துக்குப் போங்கள், இதைக் கேளுங்கள்!