கூடத்துக் கேமராவுக்கு அம்மாவின் சம்மதம் வேண்டாமா?

"பெற்றவர்களைப் பிள்ளை பார்ப்பதில் என்ன அந்தரங்கம்? மறைக்க ஒன்றுமில்லை என்றால் கேமராவுக்கு ஏன் பயம்?" பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் ஸ்ரீரங்கத்து வீடுகளில் இந்த வாதம் சகஜமாகிவிட்டது. கவலை நியாயமானது. வாதம் தவறு.

வாசலில் கேமரா திருடனுக்காக. கூடத்தில் யாருக்காக? ஈரப் புடவையோடு அடுக்களைக்குப் போகும் அம்மா, உடை மாற்றத் துணை வேண்டியிருக்கும் அப்பா, பணக் கஷ்டத்தைத் தாழ்ந்த குரலில் சொல்ல வந்த அத்தை: இவர்கள் யாரும் குற்றம் செய்யவில்லை. வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டவர்கள் உண்டா? பல கேமராக்களின் காட்சி நிறுவனத்தின் சர்வரில் சேர்கிறது. கடவுச்சொல் கிடைத்த எவரும் பார்க்கலாம்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். ஸ்ரீரங்கம் இருக்கும் திருச்சியும் அடங்கும் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில், மனைவிக்குத் தெரியாமல் கணவர் எடுத்த கைபேசி அழைப்பு விவரங்களை நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் 2024 அக்டோபரில் சாட்சியமாக ஏற்க மறுத்தார். தம்பதியரில் ஒருவர் ரகசியமாக எடுத்த ஒலிப்பதிவை விவாகரத்து வழக்கில் ஏற்கலாம் என 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கூறியது உண்மைதான். அது சாட்சியம் பற்றிய தீர்ப்பு. வேவு பார்க்க அனுமதி அல்ல.

2023இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனிநபரின் வீட்டுப் பயன்பாட்டுக்குப் பொருந்தாது. ஆகவே பொறுப்பு பிள்ளைகளுடையது. அம்மாவிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் கழற்றுங்கள். சரி என்றால், அணைக்கும் சுவிட்சை அவர் கையில் கொடுங்கள்.