இரவில் மேய்ந்த ஆடுகளும் இன்றைய நைஜீரியாவும்

மத்ரஸாவில் அல்அன்பியா அத்தியாயத்தின் 78, 79ஆம் வசனங்களை நடத்திக்கொண்டிருந்தோம். ஒரு கூட்டத்தாரின் ஆடுகள் இரவில் பிறர் விளைநிலத்தில் புகுந்து மேய்ந்துவிட்ட வழக்கு அது. அப்போது மாணவர் ஒருவர், “ஹஜ்ரத், நைஜீரியாவில் மாடு மேய்ப்பவர்களும் விவசாயிகளும் சண்டையிடுகிறார்களே, அதில் நம்மவர்கள் யார்?” என்று கேட்டார்.

அக்கேள்வி நம் உள்ளத்தை உறுத்தியது. ‘நீதி எது?’ என்பதல்லவா முதற்கேள்வியாக இருந்திருக்க வேண்டும்!

நைஜீரியாவின் நடுப்பகுதியில் மேய்ப்பர்கள் பெரும்பாலும் ஃபுலானி முஸ்லிம்கள். விவசாயிகளில் பலர் கிறித்தவர்கள். ஆகவே பலர் இதனை மதப்போர் என்கின்றனர். ஆனால் வடமேற்கே ஸம்ஃபாரா மாநிலத்தில் மோதிக்கொள்ளும் ஹவுஸா விவசாயிகளும் ஃபுலானி மேய்ப்பர்களும் ஒரே கிப்லாவை நோக்கித் தொழுபவர்களே. அப்படியாயின் நோயின் வேர் வேறிடத்தில் இருக்கிறது.

முன்பு அறுவடை முடிந்த வயலில் மாடுகள் தாளை மேய்ந்தன, சாணம் உரமாயிற்று, பாலுக்குத் தானியம் கிடைத்தது. நம்மூர் ஆட்டுக்கிடையைப் போன்ற உறவு அது. பின்னர் வடக்கே வறட்சி பரவ, மந்தைகள் தெற்கே நகர்ந்தன. மக்கள்தொகை பெருக, மந்தைத் தடங்களும் ஆற்றோரப் புல்வெளிகளும் உழப்பட்டன. பெனுவே மாநிலம் 2017இல் திறந்தவெளி மேய்ச்சலைச் சட்டத்தால் தடுத்தது. அவ்வாண்டு நவம்பரில் அடமாவா மாநிலத்தின் நுமான் பகுதியில் ஃபுலானிப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டனர். 2018 ஜனவரியில், பெனுவேயில் கொல்லப்பட்ட 73 பேர் ஒரே நாளில் அடக்கம் செய்யப்பட்டனர்.

இனி அந்த வழக்கைப் பாருங்கள். ஆடுகளையே நிலத்தாருக்குக் கொடுத்துவிடுமாறு தாவூத் (அலை) அவர்கள் தீர்ப்பளித்தார்கள் என்று விரிவுரையாளர்கள் கூறுகின்றனர். ஸுலைமான் (அலை) அவர்களோ, ஆட்டுக்காரர் அந்நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வரை ஆடுகளின் பாலையும் ரோமத்தையும் நிலத்தார் அனுபவிக்கட்டும். பின்னர் அவரவர் உடைமை அவரவரிடம் திரும்பட்டும் என்றார்கள். இழப்பும் ஈடுசெய்யப்பட்டது, மேய்ப்பரின் பிழைப்பும் அழியவில்லை.

பராஉ பின் ஆஸிப் (ரலி) அவர்களின் ஒட்டகம் ஒரு தோட்டத்தைச் சேதப்படுத்தியபோது நபி (ஸல்) அவர்கள் பொறுப்பைப் பகுத்தே தீர்ப்பளித்தார்கள்: பகலில் தோட்டத்தைக் காப்பது தோட்டக்காரரின் கடமை, இரவில் கால்நடை விளைவிக்கும் சேதத்திற்கு அதன் உரிமையாளரே பொறுப்பு.

இவ்விரு தீர்ப்புகளும் குலத்தைக் கேட்கவில்லை, பொறுப்பையே கேட்டன. நைஜீரியாவில் மறைந்துபோனது இதுவே. பயிரிழந்தவருக்கு ஈடு இல்லை. மாடிழந்தவருக்கு முறையிட இடமில்லை. கொலைகாரர்கள் தண்டனை பெறுவதோ அரிது. நீதி எட்டாத இடத்தில் துப்பாக்கி நீதிபதியாகிவிடுகிறது. மந்தைகளுக்கு வழி, பயிருக்கு ஈடு, கொன்றவன் எவனாயினும் தண்டனை: இம்மூன்றும் இன்றி அங்கு அமைதி திரும்பாது என்பதே நம் கருத்து.

ஆகவே, கைப்பேசியில் வரும் காணொலியைக் கண்டு “நம்மவர்” எனப் பரிந்து பேசுமுன் சற்று நிதானிப்போம். அநீதி இழைப்பவன் நம்மவனாயினும் அவன் கையைப் பிடித்துத் தடுப்பதே அவனுக்கு நாம் செய்யும் உதவி. நம் பிள்ளைகளுக்கும் அதையே கற்றுக்கொடுப்போம்.

நீதியில் நிலைத்திருக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.