சப்டைட்டில் கேட்காத கரை

சாயங்காலம் குளச்சல் வெற்றித்தூண் பக்கம் உட்கார்ந்தால் சினிமாப் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. 2024இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ மலையாளத்திலேயே தமிழகமெங்கும் ஓடியதை மற்ற ஊர்கள் அதிசயமாகப் பேசின. இங்கே அது புதிதல்ல. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த மண் இது. மலையாளத்தின் முதல் ஊமைப்படமான ‘விகதகுமாரன்’ எடுத்த ஜே.சி.டேனியல் 1975இல் கண்மூடியதும் இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்தில்தான். விஜய் படத்துக்கும் மோகன்லால் படத்துக்கும் ஒரே பையன் முதல் காட்சிக்கு நிற்கிறான் என்றால், அவனுக்கு இரண்டும் சொந்தம்.

கிழிந்த வலையை முடிந்துகொண்டிருந்த ஒருவர், விரலில் சுற்றிய நைலான் நூலை விடாமலே கேட்டார்: “அடுத்து வாற படம் கடலப் பத்தியாம் மக்கா. நம்ம பேச்சு பேசுவாங்களா?”

எனக்கும் அதே ஏக்கம்தான். கன்னியாகுமரி என்றால் நம் சினிமாவுக்குப் பெரும்பாலும் சூரிய உதயமும் ஒரு பாட்டும். கடலுக்குப் போய் 2017 ஒக்கி புயலில் சிக்கித் திரும்பாதவர்களின் கதையை இந்தக் கரையின் தமிழில், இந்தக் கரையின் முகங்களோடு யாராவது எடுக்க வேண்டும். அது வெளியாகும் நாளில் குளச்சலில் ஒரு வள்ளமும் கடலில் இறங்காது.