கயிறு கட்டிய சாகசம்

அண்மைக் காலமாகத் தமிழில் ஒரு புதுவகைப் பயணக்கட்டுரை பெருகி வருகிறது. அர்ஜென்டினாவின் உசுவாயா துறைமுகத்தில் கப்பலேறி, டிரேக் நீரிணையை இரண்டு நாட்களில் கடந்து, அண்டார்க்டிகத் தீபகற்பத்தில் நாலைந்து இடங்களில் கரையிறங்கித் திரும்பியவர்கள் எழுதுவது. வடக்கே போனவர்கள் ஸ்வால்பார்டு தீவுகளைப் பற்றி எழுதுகிறார்கள். எழுதுபவர் மாறினாலும் கட்டுரை மாறுவதில்லை. மனித வாடை படாத பனிவெளி, அருகில் வந்து நின்ற பென்குயின், உறைநீரில் ஒரு குதியல், ஏழாவது கண்டத்தில் கால்பதித்த பெருமிதம், கடைசிப் பத்தியில் இயற்கையின் முன் மனிதன் எத்தனை சிறியவன் என்ற ஞானோதயம். இத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு சொல்: சாகசம்.

அந்தச் சொல்லின் மீதுதான் எங்கள் வழக்கு. போகிறவர்கள் மீது எங்களுக்குக் கோபமில்லை. பணம் அவர்களுடையது, விடுமுறை அவர்களுடையது. மொழி மட்டும் எல்லோருக்கும் பொது.

கரையிறங்கல் என்பது என்ன என்று அக்கட்டுரைகளின் இடுக்குகளிலிருந்தே திரட்டிப் பார்க்கலாம். பயணிகள் விழிப்பதற்கு முன்பே வழிகாட்டிகள் ரப்பர் படகில் கரைக்குச் சென்று பனியின் உறுதியைச் சோதிக்கிறார்கள். நடக்க வேண்டிய பாதைக்குக் கொடி நடுகிறார்கள். வானிலை கெட்டுக் கரையிலேயே தங்க நேர்ந்தால் வேண்டிய கூடாரத்தையும் உணவையும் கொண்டு சேர்க்கிறார்கள். அதன் பிறகு பயணிகள் கிருமிநாசினியில் பூட்ஸைக் கழுவி, படகுக்குப் பத்துப் பேர் அளவில் இறங்குகிறார்கள். ஒரே நேரத்தில் நூறு பேருக்கு மேல் கரையில் இருக்கக் கூடாது. ஐந்நூறு பேருக்கு மேல் ஏற்றிய கப்பல் யாரையும் இறக்கக் கூடாது. பென்குயினிடமிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பறவைக் காய்ச்சல் 2023இல் தெற்கு ஜார்ஜியாவையும் 2024இல் அண்டார்க்டிக நிலப்பகுதியையும் எட்டியதிலிருந்து தரையில் உட்காரவும் மண்டியிடவும் தடை. புகழ்பெற்ற அந்த உறைநீர்க் குதியலுக்கு இடுப்பில் கயிறு கட்டுகிறார்கள். மேலே மருத்துவர் நிற்கிறார். ஸ்வால்பார்டில் துப்பாக்கி ஏந்திய வழிகாட்டி இல்லாமல் கரையில் ஓரடி வைக்க விடமாட்டார்கள். 2025 முதல் நார்வே அரசு பனிக்கரடியிடமிருந்து 300 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்றும், மார்ச் முதல் ஜூன் வரை அது 500 மீட்டர் என்றும் சட்டம் செய்திருக்கிறது.

இந்த விதிகளை நாங்கள் கேலி செய்யவில்லை. அவை இன்னும் கடுமையாக இருந்தாலும் தகும் என்பதே எங்கள் கட்சி. கேள்வி வேறு. கொடி நட்ட பாதையில், கடன் வாங்கிய பூட்ஸில், கயிற்றின் ஒரு முனையில் நிகழ்வது எப்படிச் சாகசமாகும்? தமிழில் அச்சொல்லுக்குத் துணிவு என்ற பொருளோடு மாய்மாலம், பாசாங்கு என்ற பொருளும் வழக்கில் உண்டு. சாகசக்காரி என்று நம் பாட்டிகள் வைதது துணிச்சல்காரியை அல்ல. அந்த இரண்டாம் பொருளில்தான் எழுதினோம் என்று இவர்கள் சொன்னால் நாங்கள் வழக்கை வாபஸ் பெற்றுக்கொள்கிறோம்!

கம்பைநல்லூரில் உட்கார்ந்துகொண்டு பனிக்கண்டத்தைப் பற்றிப் பேச உங்களுக்கு என்ன யோக்கியதை என்று நண்பர்கள் சிலர் கேட்கக் கூடும். வாசகனின் யோக்கியதைதான், அது போதும். தவிர, எங்கள் தர்மபுரி மாவட்டத்திலும் ஒரு கரையிறங்கல் உண்டு. ஒகேனக்கல்லில் பரிசலேறிப் பாறைச் சுவர்களுக்கு இடையே அருவியின் அடிவரை போய்த் திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கில். அங்கும் பாதுகாப்புச் சட்டை மாட்டித்தான் ஏற்றுகிறார்கள். பிலிகுண்டுலுவில் நீர்வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசலை நிறுத்திவிடுகிறது. அந்த வட்ட மூங்கில் கூடையைச் சுழலுக்குள் விட்டு வெளியே எடுப்பவர் ஒருவர் இருக்கிறார். ஒற்றைத் துடுப்பு, பாறை எங்கே மறைந்திருக்கிறது என்ற பல்லாண்டு அறிவு, அவ்வளவுதான் அவர் கையிருப்பு. ஏறி உட்கார்ந்து வந்தவன் ஊர் திரும்பி, நான் காவிரியை வென்றேன் என்று எழுதினால் எங்கள் பக்கத்தில் சிரிப்பார்கள். ஓட்டியவர் பரிசல்காரர், நீ சுமை என்பார்கள். டிரேக் நீரிணையைத் தாண்டிவிட்டால் மட்டும் சுமை எப்படி மாலுமியாகிவிடுகிறது?

சாகசம் என்ற சொல் முதலில் மறைப்பது இந்தப் பரிசல்காரரைத்தான். ரப்பர் படகை அலையில் நிறுத்திப் பிடிப்பவர், விடியுமுன் பனியைக் குத்திப் பார்ப்பவர், கப்பலின் அடித்தளத்தில் சமைப்பவர், துணி வெளுப்பவர். பிலிப்பைன்ஸிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் நம் நாட்டிலிருந்தும் மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்து வந்தவர்கள் இவர்களுள் பலர். நாங்கள் படித்த கட்டுரைகளில் பென்குயினுக்கு இரண்டு பக்கம் உண்டு. இவர்களுக்கு 'சிரித்த முகத்துடன் பரிமாறினார்கள்' என்ற ஒரு வரி.

அடுத்து மறைவது இடம். மனித வாடை படாத இடம் என்கிறார்களே, 2023-24 பருவத்தில் மட்டும் அங்கே போன சுற்றுலாப் பயணிகள் 1,20,000 பேருக்கு மேல். கப்பல் புகையும் ஆய்வு நிலையங்களின் புகையும் கரித்துகளாகப் பனியில் படிந்து, வெயிலை உறிஞ்சி, உருகலை விரைவுபடுத்துவதை 2022இல் வெளியான ஓர் ஆய்வு அளந்தது. ஒரு பயணிக்கு ஏறத்தாழ 83 டன் பனி என்பது அதன் கணக்கு. உருகுமுன் பார்த்துவிட வேண்டும் என்று எழுதுகிறவர்கள், பார்க்கப் போவதும் உருக்குவதில் சேர்த்தி என்பதை ஏன் எழுதுவதில்லை? 2024 மே மாதம் அண்டார்க்டிக ஒப்பந்த நாடுகள் நம் கொச்சியில் கூடிச் சுற்றுலாவை எப்படி நெறிப்படுத்துவது என்று விவாதித்தன. பக்கத்து மாநிலத்தில் நடந்த அந்தக் கூட்டத்தைப் பற்றித் தமிழில் நாங்கள் தேடிப் படித்தது மிகக் கொஞ்சம்.

ஆபத்தே இல்லை என்றும் நாங்கள் சொல்லவில்லை. இவ்வகைப் பயணங்களுக்கு முன்னோடியான 'எக்ஸ்புளோரர்' கப்பல் 2007 நவம்பர் 23 அன்று தெற்கு ஷெட்லாந்து தீவுகளருகே பனியில் மோதி மூழ்கியது. உயிர்காப்புப் படகுகளில் மணிக்கணக்கில் நடுங்கிக் கிடந்த 154 பேரையும் இன்னொரு கப்பல் வந்து காப்பாற்றியது. அன்று கடல் அமைதியாக இருந்தது என்பதால் அனைவரும் பிழைத்தார்கள். ஆனால் ஆபத்துக்கு ஆளாவது வேறு, ஆபத்தை அறிந்து பொறுப்பேற்பது வேறு. பின்னதற்கே சாகசம் என்ற சொல்லை நம் முன்னோர் ஒதுக்கி வைத்திருக்க வேண்டும்.

அதற்கு உதாரணம் தேட வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. 1981 டிசம்பரில் எஸ்.இஸட். காசிம் தலைமையில் 21 பேர் கோவாவிலிருந்து கிளம்பி, 1982 ஜனவரியில் அண்டார்க்டிகாவை அடைந்தார்கள். அடுத்துச் சென்ற குழுக்கள் தட்சிண கங்கோத்ரி நிலையத்தை எழுப்பின. சில ஆண்டுகளிலேயே பனி அதை மூடத் தொடங்கியது. திருவாரூர் மாவட்டம் சன்னாநல்லூரைச் சேர்ந்த கர்னல் பா. கணேசன் 1980களின் பிற்பகுதியில் அங்கே குளிர்காலக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். குளிர்காலம் என்றால் சூரியனே எழாத வாரங்கள். கப்பல் வர வழியில்லாத மாதங்கள். நோய் வந்தாலும் மனம் உடைந்தாலும் உள்ளே இருப்பவர்களே கதி. பத்து நாள் கப்பலில் போய் வந்ததற்கும் இதற்கும் ஒரே சொல்லைப் போட்டால், சொல் எதற்கும் உதவாத செல்லாக்காசாகிவிடாதா? இலக்கிய வாசகர்கள் கவலைப்பட வேண்டியது இந்த இடத்தில்தான். நிலவியலாளர் சுதீப்தா சென்குப்தா 1983-84 குழுவில் போய்வந்து வங்காளிகளுக்கு 'அண்டார்க்டிகா' என்ற நூலைத் தந்தார். நமக்கு வாய்ப்பது புகைப்படங்களுக்கு நடுவே சிக்கிய நாலு பத்திகள்.

தமிழ்ப் பயண எழுத்து எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஏ.கே. செட்டியார் காந்தி ஆவணப்படத்துக்காக 1930களின் இறுதியில் கண்டங்களைத் தாண்டி அலைந்தவர். அவர் எழுத்தில் தன்னை முன்னால் நிறுத்திக்கொள்வதில்லை. பார்த்த மனிதர்கள் பேசுகிறார்கள், அவர் ஒதுங்கி நிற்கிறார். உலகத்தைச் சுற்றியவருக்கு அத்தனை கூச்சம். ஒரு கரையில் ஒரு மணி நேரம் நின்றவருக்கு இத்தனை ஆர்ப்பாட்டம்!

ஆகவே துருவத்துக்குப் போகும் தமிழ் எழுத்தாளர்களிடம் நாங்கள் கேட்பது இதுதான். போய் வாருங்கள். பூட்ஸைத் தேய்த்துக் கழுவிய தொட்டியைப் பற்றி எழுதுங்கள். அந்தத் தண்ணீர் எதற்கு என்று எழுதுங்கள். படகோட்டியின் ஊரையும் அவர் எத்தனை மாதமாக வீடு போகவில்லை என்பதையும் கேட்டு எழுதுங்கள். உங்கள் இடுப்பில் இருந்த கயிற்றையும், மறுமுனையைப் பிடித்திருந்த கையையும் எழுதுங்கள். பயந்திருந்தால் பயந்ததை, சலித்திருந்தால் சலித்ததை எழுதுங்கள். அப்படி ஒரு கட்டுரை வந்தால் அதற்கு என்ன பெயர் வைப்பது என்பதை வாசகர்களிடம் விட்டுவிடுங்கள். சாகசம் என்ற சொல் உங்களுக்குத் தேவைப்படாது.