நரம்பு வலியும் மரபணு அடக்கமும்

பாலகாட் அடங்கிய கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழில் 2001-ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. ஆயினும், அதிர்ந்து துளையிடும் கருவியை நெடுநாள் பிடித்த கைகளில் நரம்புக் கேடு நிலைத்திருக்கக்கூடும். நீரிழிவு உள்ளவருக்கோ பாதங்களில் எரிச்சலும் மதமதப்பும் தோன்றலாம். இத்தகைய வலிக்கு மரபணுவை அடக்குதல் சிகிச்சையாகுமா?

நரம்பில் வலிச் செய்தியை எழுப்பும் வாயில்களுள் ஒன்று நேவ் 1.7 என்னும் புரதம். அதனை ஆக்கும் மரபணு பழுதுற்ற சில பாகிஸ்தானியக் குடும்பத்தினர் வலியே அறியார் என்பது 2006-இல் வெளியாயிற்று. 2021-இல் சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர், அம்மரபணுவை வெட்டாது அதன் செயலை மட்டும் தணித்து, சுண்டெலிகளின் வலியைப் பல வாரங்கள் குறைத்தனர்.

இது போற்றத்தக்கதே. எனினும், வலி அறியாத அக்குழந்தைகள் தம் உதட்டையும் நாவையும் கடித்துப் புண்படுத்திக்கொண்டனர். வலி உடலின் காவலாள். அவனது வீண் கூச்சலைத் தணிப்பது வைத்தியம். அவனையே போக்கிவிடுவது ஆபத்து. ஆதலின், அழிக்காமல் அளவோடு அடக்கும் முறையே ஏற்றது என்பது எம் கருத்து.

எலியிடம் கண்ட பலனை மனிதருக்கு வாக்களித்தலும் தகாது. உணர்ச்சியற்ற பாதத்தில் முள் தைத்தாலும் தெரியாது. எனவே நாள்தோறும் பாதங்களைப் பார்க்கவும், சர்க்கரையைக் கட்டுப்படுத்தவும், மதமதப்புக் கண்டவுடன் வைத்தியரை நாடவும் பாலகாட் மக்களுக்கு ஆசிரியரும் களப்பணியாளரும் எடுத்துரைப்பார்களாக. புதிய சிகிச்சை வரும்வரை காக்கப்பட வேண்டியவை இந்தப் பாதங்களே.